பிரிக்க விடுங்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

நான் பினாங்கில், பாயான் பாருவில் இருக்கிறேன். என் மகனுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. பிறந்தநாள், தீபாவளி என்று வீட்டில் லெகோ பெட்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன. பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து, கட்டைகளைப் பொருத்தி ஒரே மூச்சில் கட்டி முடிக்கிறான். பிறகு அதன் பக்கமே போவதில்லை, அடுத்த பெட்டி கேட்கிறான். படத்தைப் பார்த்துக் கட்டினால் கற்பனைத் திறன் குறையும் என்று ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். என் மாமனாரோ, "நாங்கள் எஸ்டேட்டில் மண்ணிலும் ரப்பர் கொட்டையிலும் விளையாடியவர்கள், அந்தக் கற்பனை இந்தப் பிளாஸ்டிக்கில் வருமா?" என்கிறார். இனி வாங்குவதை நிறுத்திவிடவா? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மலிவான கட்டைகள் பரவாயில்லையா? திங்கள் முதல் வியாழன் வரை டியூஷன், சனிக்கிழமை நீச்சல், ஞாயிறு தேவார வகுப்பு. இதோடு ரோபோட்டிக் வகுப்பிலும் சேர்க்கலாமா? அவன் கட்டியதையெல்லாம் வரவேற்பறை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன், படம் இணைத்துள்ளேன். என் பெயர் வேண்டாம் அக்கா.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கேள்விகளைவிட நீங்கள் அனுப்பிய படம்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. மேல் தட்டில் காவல் நிலையமும் தீயணைப்பு லோரியும், நடுவில் விண்கலம், கீழே ஒரு கோட்டை. எல்லாம் சோபாவில் உட்காருகிறவரைப் பார்த்தபடி நிற்கின்றன. உள்ளே சின்ன விளக்கு வேறு. கண்ணாடிக் கதவில் பூட்டு இருக்கிறது, சாவியைக் காணோம். அது யாரிடம் இருக்கிறது, பையனிடமா, உங்களிடமா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. சில வாரங்களுக்கு முன் பிறை பக்கம் ஒரு பாலர் பள்ளிக்குக் கதை சொல்லப் போயிருந்தேன். ஒரு பெரிய கூடை நிறையக் கட்டைகள், இரும்பு அலமாரியின் உச்சியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. "இறக்கினால் இறைத்துவிடுவார்கள், பெற்றோர் வரும் நாளில் மட்டும் இறக்குவோம்" என்றார் ஆசிரியை. அன்றிலிருந்து அந்தக் கூடை என் மனத்தை விட்டுப் போகவில்லை. இப்போது உங்கள் அலமாரி.

சரி, சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். அசல் கட்டையின் அச்சு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் செய்யப்படுகிறது. அதனால்தான் 1958இல் வார்த்த கட்டையும் நேற்று வாங்கியதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பாசார் மாலாம் கட்டையில் அந்தப் பிடி இல்லையென்றால் கட்டியது சரியும், பையன் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வான். என் கவலை அது மட்டும்தான். நன்றாகப் பிடித்தால் தாராளமாக வாங்குங்கள்.

நீங்கள் படித்த ஆய்வு, பேஜ் மோரோவும் மாரிட் எங்கெசெட்டும் 2016இல் வெளியிட்டதாகத்தான் இருக்க வேண்டும். அதில் கட்டை கட்டியவர்கள் ஏழு வயதுப் பிள்ளைகள் இல்லை, பல்கலைக்கழக மாணவர்கள். வழிகாட்டியைப் பார்த்துக் கட்டியவர்கள், அடுத்ததாகக் கொடுத்த கற்பனை வேலையில் பின்தங்கினார்கள். அவ்வளவுதான். ஒரு குழந்தையின் பல வருட விளையாட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் மாமனார் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள என்னால் முடியாது. நானும் நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில் வளர்ந்தவள். ரப்பர் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் சூடேறத் தேய்த்து அடுத்தவன் தொடையில் வைத்தது எனக்கும் நினைவிருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போன அம்மாவின் பின்னால், பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் பொறுக்கப் போனதும், ஆயாக் கொட்டகையில் தம்பி அழுது அழுது தூங்கிப்போனதும்கூட நினைவிருக்கிறது. இல்லாமையில் நாங்களாகத் தேடிக்கொண்ட விளையாட்டை, அந்த இல்லாமை கொடுத்த வரம் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். கையில் காசு இருந்திருந்தால் எங்கள் அப்பாவும் பட்டணத்துக் கடையில் தொங்கிய பொம்மை லோரியை வாங்கித் தந்திருப்பார், நாங்களும் அதைக் கட்டிக்கொண்டு தூங்கியிருப்போம்.

அந்த லோரியை வாங்க முடியாததால் லயத்துப் பையன்கள் தாங்களே ஒன்று செய்தார்கள். நீள்வட்டச் சார்டின் டின்தான் உடம்பு. தேய்ந்த சிலிப்பரில் வட்டம் வெட்டினால் சக்கரம். வட்டம் கோணாமல் இருக்க, ஒரு பழைய டின் மூடியை மேலே வைத்து ஆணியால் கோடு போட்டுக்கொள்வார்கள். அச்சுக்குச் சைக்கிள் கம்பி, சக்கரம் கழன்று ஓடாமல் இருக்கக் கம்பியின் நுனியில் இன்னொரு துண்டு ரப்பர். இதில் எதையும் என் அண்ணன் கண்டுபிடிக்கவில்லை. பக்கத்து லயத்துப் பெரிய பையன் செய்வதைக் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அச்சு அசலாக அதையே செய்தான். உங்கள் மகனுக்குப் புத்தகம், அண்ணனுக்கு அந்தப் பையன்.

ஆனால் அந்த டின் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். சக்கரங்களைக் கழற்றித் தண்ணீர் வண்டிக்குப் போட்டான். தோட்டத்து மாரியம்மன் திருவிழா முடிந்த வாரம், அதே சக்கரங்கள் தீப்பெட்டி அடுக்கிய தேருக்குப் போயின. அப்புறம் ஒருநாள், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அவற்றைவிடச் சின்ன வட்டம் ஒன்றைச் செருகினான். நடுவில் பள்ளம் விழுந்தது. அதில் கயிற்றைப் போட்டுக் கொய்யா மரக் கிளையில் மாட்டினான். கப்பி! வாளி மேலே போவதும் கீழே வருவதுமாக அன்று முழுக்க லயமே அந்த மரத்தடியில்தான் நின்றது. யாரிடமும் பார்க்காமல் அவன் செய்த முதல் பொருள் அது. அந்த லோரி கெட்டுப்போகாமல் எங்கள் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்திருந்தால் அந்தக் கப்பி வந்திருக்குமா? சொல்லுங்கள்.

லெகோவின் கதையும் இதே வழியில் போனதுதான். டென்மார்க்கில் பில்லுண்டு என்ற சின்ன ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1949இல் வெளியிட்ட பிளாஸ்டிக் கட்டை, ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் செய்திருந்ததைப் பார்த்துச் செய்தது. உள்ளே வெற்றாக இருந்ததால் சரியாகப் பிடிக்கவில்லை. அடிப்பக்கம் குழாய் வைத்து, இன்னொரு கட்டையின் மேலே இருக்கும் குமிழ்கள் அவற்றின் நடுவே இறுகி நிற்கும்படி மாற்றிக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28இல். பார்த்துச் செய்ததற்கும் சொந்தமாகச் செய்ததற்கும் நடுவே ஒன்பது வருடம்! பெரியவர்களுக்கே அவ்வளவு காலம் வேண்டியிருந்தது. ஏழு வயதுப் பையன் புத்தகத்தைப் பார்க்கிறான் என்று நாம் ஏன் பதற வேண்டும்? பார்த்துக் கட்டும்போதுதான் எந்தத் துண்டு எதைத் தாங்கும், கீல் எங்கே வரும், கூரை எப்படி உட்காரும் என்பதெல்லாம் கைக்குப் பிடிபடுகிறது. புத்தகங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

அந்தக் குழாயையும் குமிழையும் இன்னொரு தடவை பாருங்கள். இறுகப் பிடிக்கவும் வேண்டும், ஒரு குழந்தையின் விரலால் பிரிக்கவும் வர வேண்டும், இரண்டும் சேர்ந்து நடக்கும்படி செய்திருக்கிறார்கள். நிலையாக நிற்பதுதான் நோக்கம் என்றால் ஒரு டியூப் பசை போதுமே! பிரிக்கத்தான் அந்தப் பாடு. அதைக் கட்டிய அன்றே கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினால், பொம்மையில் பாதியை நீங்கள் பையனிடமிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அவன் அடுத்த பெட்டி கேட்பதும் இதனால்தான். கட்டியது கைவிட்டுப் போய்விட்டது, கையில் மீதி ஒன்றும் இல்லை, வேறு என்ன கேட்பான்? பேராசைக்காரப் பையன் என்று அவனைத் திட்டியிருந்தால் இன்றே கூப்பிட்டு மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 915,103,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டுச் சொன்னார். விற்கிறவர்கள் இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் அந்த ஆறுதான் கண்ணில் படுகிறது. ஆறு கட்டைக்கே இவ்வளவு என்றால், உங்கள் அலமாரிக்குள் பூட்டிக் கிடப்பது எவ்வளவு!

இதை எழுதும்போது உங்கள் பக்கமும் நினைக்கிறேன். ஐந்நூறு மலேசிய வெள்ளி கொடுத்து வாங்கியதைக் கலைக்க யாருக்கும் மனசு வராது. வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டு அதைப் பார்க்கும்போது ஒரு நிறைவு வரும், சொந்தக்காரர்கள் வந்தால் "எல்லாம் அவனே கட்டினது" என்று காட்டுவீர்கள். அது பாசம், அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பாசத்தை இனிமேல் கைபேசியில் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருளை அவனிடம் விடுங்கள்.

சாவியை அவனிடம் கொடுங்கள். நீங்களே போய்க் கோட்டையை உடைத்துவிடாதீர்கள், அது கொடுமை. "இனி உடைக்கலாம்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, ஒரு பெரிய பேசினை (அகன்ற பாத்திரத்தை) தரையில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள். முதல் வாரம் ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்புறம் விண்கலத்தின் இறக்கை தீயணைப்பு லோரிக்கு வரும். பார்க்க அசிங்கமாக இருக்கும், நிறம் பொருந்தாது, துண்டுகள் சோபாவுக்கு அடியில் போகும். "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கும். முடிந்தால் மாடியில் இருக்கும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். எங்கள் லயத்தில் நிறைய இருந்ததும் உங்கள் வீட்டில் இல்லாததும் அதுதான்: பக்கத்தில் குந்தி உட்கார இன்னொரு பிள்ளை.

மாமனாரிடம் ஒன்று சொல்லுங்கள். லெகோ பிறந்த அதே டென்மார்க்கில், 1943இல், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பிள்ளைகளுக்காக ஒரு குப்பை விளையாட்டுத் திடல் திறந்தார்கள். ஒழுங்கான விளையாட்டிடங்களைவிட, கட்டுமானம் நடக்கிற இடங்களிலும் கழித்துப் போட்ட சாமான்களிலும்தான் பிள்ளைகள் ஆசையாக விளையாடுகிறார்கள் என்று சோரன்சன் என்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் கவனித்ததால் வந்த திடல் அது. மரத்துண்டும் செங்கல்லும் கொடுத்துப் பிள்ளைகளையே கட்ட விட்டார்கள். மண்ணா பிளாஸ்டிக்கா என்ற சண்டை அந்த ஊர்க்காரர்களுக்கே தேவைப்படவில்லை. முடிந்தால் அவரையே பேசின் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சார்டின் டின் லோரி செய்து காட்டச் சொல்லுங்கள். அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

வாங்குவதை நிறுத்தவா என்று கேட்டிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம், அலமாரி காலியாகும்வரை தள்ளிப்போடுங்கள்.

ரோபோட்டிக் வகுப்பு நல்லதுதான். ஆனால் அவனுடைய வாரத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை மாலை ஒன்றுதான் மிச்சம். அதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாம் ஆண்டுப் பையனுக்கு நான்கு நாள் டியூஷன் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதில் ஒரு நாளைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சேருங்கள். குறைக்க முடியாது என்றால் இந்த ஆண்டு வேண்டாம். எட்டு வயதில் சேர்ந்தால் குடி ஒன்றும் முழுகிப் போகாது.

அன்புடன்,
அக்கா