டேட்டா சயின்ஸிலிருந்து மேனேஜ்மென்ட்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பைத்தான் நிரலும், பழைய தரவை வைத்து அடுத்து நடக்கப்போவதைக் கணிக்கும் மாடலுமாக வேலையைத் தொடங்கியவள் நான். இப்போது ஒரு தொழில் பிரிவின் வரவு செலவுக்குப் பொறுப்பு. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கேள்வி: அக்கா, மேனேஜ்மென்ட் பக்கம் போக எம்பிஏ கட்டாயமா?

இல்லைப்பா. துறையையே மாற்றுவதற்கோ கன்சல்டிங்கில் நுழைவதற்கோ அது நல்ல வாசல். இருக்கிற கம்பெனிக்குள்ளேயே தாண்ட முடிந்தால் முதலில் அதைப் பார்.

கேள்வி: மேடம், என் மாடல் நன்றாகத்தான் வேலை செய்கிறது. மீட்டிங்கில் யாரும் கண்டுகொள்வதில்லையே?

நீங்கள் துல்லியத்தைச் சொல்கிறீர்கள், அவர்கள் ரூபாயைக் கேட்கிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். விலகப்போகும் வாடிக்கையாளர்கள் என்று மாடல் 10,000 பேரைக் காட்டுகிறது. ஆளுக்கு 200 ரூபாய் சலுகை கொடுத்தால் செலவு 20 லட்சம். அவர்களில் நிஜமாகவே விலக இருந்தவர்கள் 3,000 பேர் என்றும், சலுகையைப் பார்த்து அதில் கால்வாசி, அதாவது 750 பேர், தங்கினார்கள் என்றும் வையுங்கள். ஒருவரால் 2,000 ரூபாய் லாபம் என்றால் வரவு 15 லட்சம். ஆக, 5 லட்சம் நஷ்டம்!

அதே மாடல், விலகும் வாய்ப்பு மிக அதிகம் என்று பட்டியலில் மேலே வைத்திருக்கிற 3,000 பேருக்கு மட்டும் கொடுங்கள். செலவு 6 லட்சம். அதில் 1,800 பேர் நிஜமாக விலக இருந்தவர்கள் என்றால் 450 பேர் தங்குவார்கள், வரவு 9 லட்சம். மாடலில் ஒரு வரிகூட மாறவில்லை. எத்தனை பேரோடு நிறுத்துவது என்ற முடிவுதான் மாறியது. அந்த முடிவை நீங்களே மேஜையில் வைத்துவிட்டால் பாதி மேனேஜர் வேலை முடிந்தது. பிராடக்ட் மேனேஜர் பதவிக்கான நேர்முகத்திலும் இதைத்தான் துருவுவார்கள்.

கேள்வி: வயது 29, ஆறு வருட அனுபவம். ஒரு வருட எம்பிஏ படிப்பா, இரண்டு வருடமா?

உங்கள் அனுபவத்துக்கு ஒரு வருடம் பொருந்தும். அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரின் இபிஜிபி, கொல்கத்தாவின் எம்பிஏஎக்ஸ், அப்புறம் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்). ஜிமேட் அல்லது ஜிஆர்இ மாதிரி நுழைவுத்தேர்வு மதிப்பெண் வேண்டும். ஜிமேட்டில் இப்போது தரவை அலசும் டேட்டா இன்சைட்ஸ் என்று தனிப் பகுதியே உண்டு, உங்களுக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஐஐஎம்களின் நுழைவுத்தேர்வான கேட் எழுதிச் சேரும் இரண்டு வருடப் படிப்பில் கோடை இன்டர்ன்ஷிப் கிடைக்கும். துறையை முழுசாக மாற்றுபவர்களுக்கு அது பெரிய பிடிமானம். ஒரு வருடப் படிப்பில் பெரும்பாலும் அது கிடையாது. வேலையை விட மனமில்லையா? ஐஐஎம் திருச்சி சென்னையில் நடத்தும் வார இறுதி வகுப்புகளைப் பாருங்கள்.

கேள்வி: கொல்கத்தா ஐஐஎம், ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்), கரக்பூர் ஐஐடி சேர்ந்து நடத்தும் பிஜிடிபிஏ என்ற பிசினஸ் அனலிட்டிக்ஸ் படிப்பு எப்படி?

அருமையான படிப்பு. ஆனால் அது அனலிட்டிக்ஸை, அதாவது தரவு அலசும் திறமையை, ஆழப்படுத்துவது. உங்களிடம் ஏற்கெனவே இருப்பதற்கு மறுபடி ஏன் ஃபீஸ்?

கேள்வி: கோடிங் மறந்துபோகாதா அக்கா?

போகும். தரவுத்தளத்திலிருந்து எண்களை எடுக்க உதவும் மொழியான எஸ்க்யூஎல்லை மட்டும் விடாதே. அடுத்தவர் தரும் எண்ணைச் சரிபார்க்க அது போதும்.

கேள்வி: சரி, எங்கே தொடங்குவது?

உங்கள் கம்பெனி பங்குச்சந்தையில் இருந்தால் அதன் ஆண்டறிக்கையில் நிர்வாகத்தின் அலசல் பகுதியைப் படியுங்கள். பணம் எங்கே வருகிறது, எங்கே கசிகிறது என்று புரியும். பிறகு விலை நிர்ணயம், கடன் இடர், சரக்கு இருப்பு மாதிரி முடிவு எடுக்கிற அணிக்கு மாற்றல் கேளுங்கள். முதல் வருடம் சம்பளம் பெரிதாக ஏறாது, அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.