டிரா ஆகவேண்டிய ஆட்டத்தைக் கடைசியில் கோட்டை விடாமல் இருப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன், அங்கேயும் இதே புலம்பல்தான்: "நல்லாத்தான் போச்சு சார், கடைசியில போயிடுச்சு." பெரும்பாலும் காரணம், சும்மா இருக்கவேண்டிய நேரத்தில் கை சும்மா இருக்காததுதான்.

எதிராளிக்கு யானையும் ஒரு சிப்பாயும், உங்களுக்கு யானை மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ5, உங்கள் ராஜா ஈ8 (எழுத்து நெடுக்கு வரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை). யானையை 6ஆம் வரிசையில் வைத்து அங்கேயே இடமும் வலமும் நகர்த்துங்கள், அவர் ராஜா மேலே ஏற முடியாது. சிப்பாயை ஈ6க்குத் தள்ளிய பிறகுதான் உங்கள் யானை 1ஆம் வரிசைக்கு ஓடவேண்டும், பின்னாலிருந்து செக் மேல் செக் கொடுக்க, ஏனென்றால் இனி அவர் ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. பிரெஞ்சு செஸ் மேதை பிலிடோர் 1777இலேயே காட்டிய வழி இது. அதற்கு முன்பே செக் கொடுக்கக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

யானைகளை வெட்டிக்கொள்ள அவர் அழைத்தால்? ராஜா, சிப்பாய் முடிவாட்டம் தெரியாமல் சம்மதிக்காதீர்கள். வெள்ளை ராஜா ஈ5, சிப்பாய் ஈ6, உங்கள் ராஜா ஈ7, நகர்த்தவேண்டியது நீங்கள்: நேர் பின்னால் ஈ8 போனால் டிரா, டி8 அல்லது எஃப்8 போனால் கதை முடிந்தது.

அப்புறம், போட்டியில் உங்கள் நகர்வால் ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போகிறதென்றால் காயைத் தொடாமல், அந்த நகர்வைத் தாளில் எழுதிவிட்டு நடுவரைக் கூப்பிட்டு டிரா கேளுங்கள். பலர் முதலில் நகர்த்திவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.