கொக்கட்டிச்சோலை வழக்கில் ஊர்ச்சனம் எங்கே?

வணக்கம் ஐயா,

வெளிநாட்டு முதலீட்டாளர் அரசுக்கு எதிராகத் தொடுக்கும் நடுத்தீர்ப்பு வழக்குகளை (நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவர்கள் முன் நடப்பவை) பகிரங்கமாக நடத்த வேண்டும், பாதிக்கப்பட்ட மக்களையும் பேசவிட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் சட்டம் படிக்கிறேன். நடுத்தீர்ப்பு என்றாலே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு செய்யும் தனிப்பட்ட ஏற்பாடுதானே? மூன்றாம் ஆட்களை உள்ளே விட்டால் வழக்கு இழுபடும், செலவும் கூடும். 2022இல் கடன் கட்ட முடியாமல் நின்ற நாடு இது. வருகிற முதலீட்டாளரையும் விரட்டிவிட மாட்டோமா? இதையே என் ஆய்வுக் கட்டுரைக்கு எடுக்க யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

இரண்டு கம்பனிகள் தங்களுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிணக்கைத் தீர்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு தரப்பு அரசு என்றால் கதை வேறு. அரசு தோற்றால் கட்டுவது திறைசேரி. அது நாங்கள் கடைக்குக் கடை 18 வீத வற் சேர்த்துக் கொடுக்கிற காசு. எங்கள் காசில் நடக்கிற வழக்கு எங்களுக்குத் தெரியக்கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். மட்டக்களப்பிலிருந்து தொடங்குங்கள்.

1987 ஜனவரி இறுதியில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் பாதுகாப்புப் படையினர் ஒரு நடவடிக்கை நடத்தினார்கள். மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், ஊர்ச்சனமும் கொல்லப்பட்டது. பண்ணை அழிந்தது. (1991 ஜூனில் அதே கொக்கட்டிச்சோலையில் நடந்த படுகொலை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பண்ணையில் பங்கு வைத்திருந்த ஹொங்கொங் கம்பனி ஒன்று, 1980ஆம் ஆண்டின் பிரித்தானிய–இலங்கை முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி, வாஷிங்டனில் உள்ள உலக வங்கியின் நடுத்தீர்ப்பு மையத்துக்குப் போனது. இருதரப்பு உடன்படிக்கை ஒன்றை வைத்து அந்த மையத்தில் தொடுக்கப்பட்ட உலகின் முதல் வழக்கு அதுதான். கம்பனி கேட்டது 80 இலட்சம் டொலருக்கு மேல். 1990 ஜூனில் 4 இலட்சத்து 60 ஆயிரம் டொலரும் வட்டியும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

நடுவர் மன்று சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். நடவடிக்கைக்கு முன்பே பண்ணை நிர்வாகத்தோடு பேசி, சந்தேகத்துக்குரியவர்களை அமைதியாக வெளியேற்றியிருக்கலாம், அரசு அதைச் செய்யவில்லை என்றது. இறந்துபோன தொழிலாளரின் பக்கத்து நியாயமும் அதுவேதான். ஆனால் மன்றின் முன் இருந்தது பங்குக்கான நட்டம் மட்டும். இன்னொன்றும் இருக்கிறது. பண்ணையின் சொத்தை அழித்தது படையினரா கிளர்ச்சியாளரா என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கண்ணால் கண்ட சனம் அந்த ஊர்களில் இருந்தது. இரு தரப்பில் ஒன்று அழைத்தால் தவிர, அவர்கள் தாமாக ஒரு கடிதம் எழுதிக்கொடுக்கக்கூட அன்றைய விதிகளில் இடமில்லை. அந்த மன்றால் அவர்களுக்கு நட்டஈடு கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கலாம் அல்லவா?

அப்புறம் விதிகள் மெல்ல மெல்ல மாறின. பொலிவியாவில் கொச்சபம்பா நகரத்துத் தண்ணீர்ப் போராட்டக்காரர்கள், தண்ணீர்க் கம்பனி அரசுக்கு எதிராக அதே மையத்தில் தொடுத்த வழக்கில் தங்களையும் சேர்க்கும்படி கேட்டபோது, இரு தரப்பும் சம்மதிக்காமல் உங்களைச் சேர்க்க எமக்கு அதிகாரமில்லை என்று 2003இல் அந்த வழக்கின் மன்று மறுத்தது. 2006இல் வாஷிங்டன் மையம் தன் விதியைத் திருத்தி, வழக்கில் தரப்பாக இல்லாதவர்களும் எழுத்துமூல விளக்கம் கொடுக்க வழிவிட்டது. அடுத்த வருடமே தான்சானியா தண்ணீர் வழக்கில் பொது அமைப்புகள் உள்ளே வந்தன. ஆவணங்களைப் பார்க்கவும் விசாரணையில் உட்காரவும் மட்டும் அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. என்ன வாதம் நடக்கிறது என்று தெரியாமலே அவர்கள் தங்கள் வாதத்தை எழுத வேண்டியிருந்தது. வெளிப்படைத்தன்மை இல்லாத பங்கேற்பு அரைகுறை என்று நான் சொல்வது இதனால்தான்.

இழுபறி, செலவு என்ற உங்கள் பயம் நியாயமானது. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் அதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. விண்ணப்பிக்கிறவர் தனக்கு யார் உதவி செய்கிறார் என்று சொல்ல வேண்டும். எத்தனை பக்கம், எந்த விடயம் என்று மன்று எல்லை போடலாம். வர்த்தக இரகசியங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பதை நான் நம்பவில்லை. வழக்குகளைத் திறந்து நடத்தச் சொல்லும் மொரீஷியஸ் சமவாயத்தில் கனடா, சுவிற்சர்லாந்து, அவுஸ்திரேலியா எல்லாம் சேர்ந்திருக்கின்றன. இலங்கை இன்னும் கையெழுத்திடவில்லை.

பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஹெட்ஜிங் விவகாரம் (எண்ணெய் விலை மாற்றத்திலிருந்து காத்துக்கொள்ள வங்கிகளோடு செய்த ஒப்பந்தங்கள்) உங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்காது. 2008இல் அது உயர் நீதிமன்றத்துக்கு வந்தது, பத்திரிகைகள் நாள்தோறும் எழுதின. புதுக்கடையில் எந்தக் குடிமகனும் பின்வாங்கில் உட்கார்ந்து வழக்கைக் கேட்கலாம், சம்பந்தம் இருந்தால் இடையீட்டு மனுவும் போடலாம். அதே விவகாரம் டொய்ச்ச வங்கியின் வழக்காக வாஷிங்டனுக்குப் போனதும் அந்த வாங்கு எங்களுக்கு இல்லாமல் போனது. 2012 ஒக்டோபரில் இலங்கை ஏறத்தாழ 6 கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு.

எங்கள் அரசியலமைப்பின் 157ஆம் உறுப்புரையை ஒருமுறை வாசியுங்கள். மூன்றிலிரண்டு பெரும்பான்மையால் நாடாளுமன்றம் அங்கீகரித்த முதலீட்டு உடன்படிக்கைக்கு இங்கே சட்டத்தின் வலு உண்டு. தேசிய பாதுகாப்புக்காக அன்றி, அதற்கு முரணாக வேறு சட்டம் இயற்றவே முடியாது. இவ்வளவு பலமான ஒன்றின் கீழ் நடக்கும் வழக்கு மக்களுக்குத் தெரியாமல் நடப்பது சரியா?

எல்லாவற்றுக்கும் சமவாயம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வழக்கு பதிவானதும் அரசு மூன்று மொழியிலும் ஓர் அறிவித்தல் போடலாம். வாஷிங்டன் மையத்தின் புதிய விதிப்படி, எந்தத் தரப்பும் 60 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் தீர்ப்பை வெளியிடலாம். எங்கள் அரசு மறுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கட்டுரைக்கு முதலில் 1990 தீர்ப்பை முழுதாகப் படியுங்கள், கூடவே நடுவர் சாமுவேல் அசாண்டே எழுதிய மாறுபட்ட கருத்தையும் படியுங்கள். அதன்பின் மட்டக்களப்புக்கு ஒருமுறை போய்வாருங்கள். சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு 2016ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பமும் போடுங்கள்: இப்போது இலங்கைக்கு எதிராக எத்தனை முதலீட்டு வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் கேட்கப்படும் தொகை எவ்வளவு என்று. பதில் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன். மறுத்தால் மறுப்புக் கடிதத்தையும் அனுப்புங்கள், மேன்முறையீட்டை இருவரும் சேர்ந்தே எழுதுவோம்.