இந்தியாவில் பிறந்து வெளிநாட்டில் பெயர் பெற்ற இதய மருத்துவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல முடியுமா? அவர் அங்கே போனதால் நமக்கு என்ன லாபம்?

இதய மருத்துவர் என்றதும் நம் ஆட்கள் எத்தனை பைபாஸ் செய்தார், எந்த அமைச்சருக்கு ஸ்டென்ட் வைத்தார் என்றுதான் கேட்பார்கள். நான் சொல்லப்போகிறவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஆனால் மாரடைப்பு வந்து பிழைத்த உங்கள் அப்பாவோ மாமாவோ தினமும் விழுங்கும் மாத்திரைகளில் ஒன்றிரண்டிலாவது அவர் கை பட்டிருக்கும். பெயர் சலீம் யூசுப். 1952-இல் கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்தவர். கணபதி கோயிலும் உண்ணியப்பமும் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு உடனே தெரியும். செங்கோட்டையில் ரயிலேறினால் புனலூர் தாண்டி வரும் ஊர்.

நான் டாக்டர் இல்லை. தென்மாவட்டங்களில் பல வருடம் மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கியவன். யூசுப் என்ற பெயர் எனக்கு அறிமுகமானதே அந்தப் பைக்குள் இருந்த ஒரு ரீப்ரின்டில்தான் (மருத்துவ இதழில் வந்த ஆய்வுக் கட்டுரையின் அச்சுப் பிரதி). 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ‘ஹோப்’ என்ற ஆய்வு வெளிவந்தது. ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரையை, அழுத்தம் கூடுதலாக இல்லாதவர்களையும் சேர்த்து, இதய நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரையோடு வேறு சிக்கல்களும் உள்ளவர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 9,297 பேர். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.8 சதவீதம் பேருக்கு வந்தது. ராமிப்ரில் சாப்பிட்டவர்களில் 14 சதவீதம். பலன் தெளிவாகிவிட்டதால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தினார்கள்.

அன்றைக்கு எங்கள் தொழிலில் அது பெரிய திருவிழா. ராமிப்ரில் விற்ற கம்பெனிகள் எல்லாமே அந்த ரீப்ரின்டை வண்டி வண்டியாக அச்சடித்துக் கொடுத்தன. மதுரையில் ஒரு மூத்த பிசிஷியன் அதை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, “யாருப்பா இந்த யூசுப்? கனடான்னு போட்டிருக்கு, பேரு நம்ம பக்கத்துப் பேரா இருக்கே” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் விடவில்லை. “இதே ஆய்வுல வைட்டமின் ஈ-யும் கொடுத்துப் பாத்திருக்காங்க, ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு வந்திருக்கு. அதையும் சொல்லுவியா?” என்றார். என் பையில் ராமிப்ரில் அட்டைக்குக் கீழே, இதயத்துக்கு நல்லது என்று நாங்கள் விற்றுக்கொண்டிருந்த வைட்டமின் ஈ கேப்ஸ்யூலும் இருந்தது! ஒரே ஆய்வு, ஒரே ஆசிரியர், ஒரு பாதியைக் காட்டு, மறு பாதியை மறை. இந்த யூசுப் யார் என்று தேட ஆரம்பித்தது அப்புறம்தான்.

பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ். 1976-இல் ரோட்ஸ் உதவித்தொகை கிடைத்து ஆக்ஸ்ஃபோர்டு போனார். அங்கே பீட்டர் ஸ்லெய்ட் என்ற இதய மருத்துவர், ரிச்சர்ட் பீட்டோ என்ற புள்ளியியல்காரர், இவர்களோடு கூட்டு. பின்னால் ரோரி காலின்ஸும் சேர்ந்தார். மருத்துவனும் கணக்கனும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம் என்பேன். மருந்துகளைச் சோதிக்கும் விதமே அந்த மேஜையில் மாறியது.

அன்றைக்கு மாரடைப்பு மருந்துகளைச் சோதித்தவர்கள் இருநூறு முந்நூறு பேரை வைத்துத்தான் பார்த்தார்கள். ஓர் ஆய்வு பலன் உண்டு என்னும், அடுத்தது இல்லை என்னும். இவர்கள் சொன்னது எளிமையான விஷயம். ஒரு மருந்து சாவைப் பாதியாகக் குறைத்துவிடாது. பத்து, பதினைந்து சதவீதம் குறைத்தாலே பெரிது, ஏனென்றால் மாரடைப்பு அத்தனை பேருக்கு வருகிறது. ஆனால் அந்தச் சின்ன வித்தியாசம் கண்ணில் பட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும். அத்தனை பேரைச் சேர்க்க வேண்டுமென்றால், வார்டில் வேலை செய்யும் டாக்டருக்கு ஆய்வு தொந்தரவாக இருக்கக் கூடாது.

அப்படி வந்ததுதான் ‘ஐசிஸ்’. ஆக்ஸ்ஃபோர்டில் ஓடும் தேம்ஸ் நதிக்கு அங்கே உள்ள பெயர் அது. இன்றைக்கு இந்தப் பெயரைக் கூகுளில் தேடினால் வேறு என்னவோ வரும், பயந்துவிட வேண்டாம். நெஞ்சுவலியோடு ஒருவர் வந்து சேர்ந்ததும் வார்டிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு போன். நாலைந்து விவரம் கேட்பார்கள். குலுக்கல் முறையில், இவருக்கு அட்டனலால் (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து) கொடுங்கள் அல்லது கொடுக்க வேண்டாம் என்று பதில் வரும். கொடுக்கச் சொன்னால் உடனே நரம்பில் ஊசி, பிறகு ஏழு நாள் மாத்திரை. நிரப்ப வேண்டிய காகிதமும் கொஞ்சம்தான். இப்படி 16,027 பேரைச் சேர்த்து 1986-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வாரத்தில் ஆயிரம் பேரில் சுமார் 46 பேர் இறந்த இடத்தில், மருந்து பெற்றவர்களில் 39 பேர். ஆயிரத்துக்கு ஏழு உயிர். இருநூறு பேர் ஆய்வில் இது எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது. (மாரடைப்பு வந்த எல்லோருக்கும் எடுத்த எடுப்பில் இந்த வகை ஊசியைப் போடுவதில் ஆபத்தும் உண்டு என்று 2005-இல் சீனாவில் 45,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு திருத்தியது. அதைத் திருத்தவும் அத்தனை பெரிய ஆய்வுதான் தேவைப்பட்டது.)

அதே குழுவின் அடுத்த ஆய்வு, 1988-இல் வந்த ஐசிஸ்-2, ஆஸ்பிரின் மாத்திரையை மாரடைப்புச் சிகிச்சையின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது. 17,187 பேர். ஐந்து வாரக் கணக்கில் இறப்பு 23 சதவீதம் குறைவு. சில்லறைக் காசு மாத்திரை! அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பெண்களுக்கு எப்படி, வயதானவர்களுக்கு எப்படி என்று பிரித்துப் பிரித்துக் காட்டும்படி பத்திரிகைத் தரப்பில் கேட்டார்கள். அப்படியா, சரி என்று ராசிவாரியாகவும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் உதவவில்லை, மற்ற பத்து ராசிக்கும் அமோகம் என்று வந்தது. (அவர்கள் பார்ப்பது சூரிய ராசி, நம் ஜாதகத்தோடு ஒப்பிட வேண்டாம்.) கூட்டத்தைக் கூறு போட்டுக்கொண்டே போனால் எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம் என்பதற்கு இதைவிட நல்ல கேலி கிடையாது. 1991-இல் யூசுப்பும் சகாக்களும் இதே ஆபத்தைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். எங்கள் மாதக் கூட்டங்களில் “இந்தக் குரூப்பில் மட்டும் பாருங்க சார், நம்ம பிராண்டு எப்படி!” என்று படம் காட்டும்போதெல்லாம் எனக்கு மிதுன ராசி ஞாபகம் வரும்.

ஐசிஸ்-2 வெளிவந்தபோது யூசுப் அங்கே இல்லை. 1984-லேயே அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களில் சேர்ந்திருந்தார். அங்கே இதயச் செயலிழப்புக்கு, ராமிப்ரில் வகையைச் சேர்ந்த எனலாப்ரில் (1991, 2,569 பேர், இறப்பு 16 சதவீதம் குறைவு), அப்புறம் டிகாக்சின். இரண்டாவதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டிகாக்சின் கிடைக்கும் டிஜிடாலிஸ் செடியின் மருந்தை 1785-இல் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் எழுதிவைத்த நாளிலிருந்து டாக்டர்கள் கொடுத்துவந்தார்கள். அது உயிரைக் காக்கிறதா என்று இருநூறு வருடமாக யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 6,800 பேரை வைத்துப் பார்த்தபோது 1997-இல் பதில் வந்தது: ஆஸ்பத்திரியில் சேர்வது குறைகிறது, சாவு குறையவில்லை.

1992-இல் கனடாவின் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். சான்று அடிப்படையிலான மருத்துவம் (வழக்கத்தை நம்பாமல் ஆய்வு முடிவைப் பார்த்து மருந்து கொடுப்பது) என்ற பெயரே புழக்கத்துக்கு வந்த இடம் அது. பொருத்தமான வீடு. ஹோப், பிறகு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரல் சேர்த்துக் கொடுத்த 2001-ஆம் ஆண்டு ஆய்வு, இன்னும் பல. இவற்றுக்கு மருந்துக் கம்பெனிகளின் பணமும் வந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தத் துறையில் பெரிய ஆய்வு செய்த யாருக்கும் அது தவிர்க்க முடியாத உறவு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, நமக்கு என்ன லாபம். இங்கேதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறார்.

அதுவரை மாரடைப்புக்கான காரணங்கள் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வெள்ளையர்களைப் பார்த்துக் கிடைத்தது. நமக்கு வேறு மாதிரி, நம் ஜீன் அப்படி என்று இங்கே பேச்சு. யூசுப் 52 நாடுகளில், மாரடைப்பு வந்த சுமார் 15,000 பேரையும் வராத அதே அளவு பேரையும் வைத்து ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வை நடத்தினார். 2004-இல் வந்தது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடற்பயிற்சி இன்மை, மது குடிப்பாரா இல்லையா என்ற ஒன்பது விஷயங்களே எல்லா ஊரிலும் பத்தில் ஒன்பது மாரடைப்புக்குக் கணக்குச் சொல்லிவிட்டன. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது நடுக்கணக்கில் 53. மற்ற நாட்டவர்களுக்கு சுமார் 59. அதற்கும் பெரும்பாலான காரணம், இதே விஷயங்கள் நமக்கு இளவயதிலேயே வந்துவிடுவதுதான். ‘எங்க குடும்பத்துல எல்லாருக்கும் நாற்பதுலயே வரும், விதி’ என்று சொல்லிக்கொண்டே சிகரெட் பற்றவைக்கும் ஆளுக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை.

அடுத்தது ‘ப்யூர்’. இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில், நகரத்திலும் கிராமத்திலும் ஆட்களைத் தேடிப் போய், வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு. இந்தியாவில் பெங்களூர், சென்னை, திருவனந்தபுரம், ஜெய்ப்பூர், சண்டிகர். ரத்த அழுத்தம் எடுத்தார்கள், கையில் ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பிடிபலம் பார்த்தார்கள், சாப்பாட்டை விசாரித்தார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். என்னைத் தூக்கிவாரிப்போட்டது அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்த பதில். மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கனவே வந்தவர்களில், ஏழை நாடுகளில் 80 சதவீதம் பேர் இதற்கான ஒரு மாத்திரைகூடச் சாப்பிடவில்லை. பணக்கார நாடுகளில் அது 11 சதவீதம். இது 2011-இல் வந்த கணக்கு. எந்த பிராண்டு என்று டாக்டர் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம். கதவுக்கு இந்தப் பக்கம் இத்தனை பேர் ஆஸ்பிரினே இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

ப்யூரில் எல்லாவற்றையும் நான் நம்பவில்லை. கொழுப்பைவிட மாவுச்சத்துதான் ஆபத்து என்று 2017-இல் வந்த முடிவை வைத்து, சோற்றைத் தொட்டால் செத்தோம் என்று வாட்ஸ்அப்பில் கிளப்பினார்கள். வெறும் சோற்றையே நம்பிச் சாப்பிடுகிறவர் பெரும்பாலும் ஏழை. அவருக்கு ஆஸ்பத்திரியும் தூரம். அவரைக் கொன்றது சோறா, வறுமையா? கணக்கில் சரிசெய்ததாகச் சொல்கிறார்கள், விமர்சகர்கள் ஏற்கவில்லை, நானும் அவர்கள் பக்கம். உப்பு விஷயமும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை குறைக்க வேண்டியதில்லை என்ற ரீதியில் ப்யூர் பேசியது. ஆனால் ஒருவேளை காலைச் சிறுநீரை வைத்து ஒரு நாள் உப்பை ஊகித்த கணக்கு அது. ஆயிரம் ஆயிரமாக ஆள் சேர்ப்பது குலுக்கல் ஆய்வில் கொடுக்கும் உறுதியை, வெறுமனே கவனித்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வில் கொடுக்காது. இதை யூசுப்புக்கே சொல்லித்தர வேண்டியதில்லை, அதனால்தான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

கடைசியாகப் பாலிபில். நாலைந்து பழைய, விலை குறைந்த மருந்துகளை ஒரே கேப்ஸ்யூலில் போட்டுவிட்டால் என்ன என்ற யோசனை. யூசுப் 2002-இல் இப்படியொரு கூட்டைப் பற்றி எழுதினார்; மறு வருடம் லண்டனைச் சேர்ந்த வால்டும் லாவும் ‘பாலிபில்’ என்று பெயர் வைத்தார்கள். அதைச் சோதிக்க யூசுப் தன் பழைய கல்லூரிக்கே வந்தார். செயின்ட் ஜான்ஸின் பிரேம் பைஸோடு சேர்ந்து, அகமதாபாத் கம்பெனி ஒன்று தயாரித்த கேப்ஸ்யூலை 50 இந்திய மையங்களில் 2,053 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் (2009). பிறகு பல நாடுகளில் 5,713 பேரிடம் பெரிய ஆய்வு. 2020-இல் வந்த முடிவு, பாலிபில்லும் ஆஸ்பிரினும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 31 சதவீதம் குறைவு. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இந்த வகைக் கூட்டு மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

1976-இல் அவர் பெங்களூரிலேயே இருந்திருந்தால் நல்ல கன்சல்டன்டாக ஆகியிருப்பார், வாசலில் கூட்டம் நின்றிருக்கும். 16,000 பேர் ஆய்வு நடத்த அன்றைக்கு இங்கே போனும் கிடையாது, பணமும் கிடையாது, பீட்டோவும் கிடையாது. போனது சரிதான் என்பது என் கட்சி.

பாலிபில் நாங்களும் சாப்பிடலாமா என்று கமென்டில் கேட்பீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்பிரின் சேர்ந்தால் சிலருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரும், ராமிப்ரில் வகை இருந்தால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஒரு ரெப் சொன்னான் என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள்.