மகளின் கல்லூரிப் பணத்தில் 1799 வெள்ளி டாலர் வாங்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு 11 வயது. அவள் கல்லூரிக்காகச் சேர்த்த 10,000 டாலரில் பழைய அமெரிக்க வெள்ளி நாணயங்கள் வாங்க ஆசை. ஒரு நாணயக் கண்காட்சியில் 1799-ஆம் ஆண்டு டாலர் ஒன்றைக் காட்டினார்கள். புதிது மாதிரி மின்னுகிறது, தரச்சான்று இல்லை, விலை குறைவு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 200 வருடம் தாண்டிய வெள்ளி அப்படி மின்னினால், யாரோ தேய்த்துக் கழுவியிருக்கலாம், இல்லையென்றால் அது போலியாக இருக்கலாம். கழுவிய நாணயத்துக்குச் சேகரிப்பாளர்கள் பாதி விலை தரவே யோசிப்பார்கள். அந்த டாலரின் எடை சுமார் 27 கிராம். அதில் வெள்ளி 24 கிராம்தான். மீதி விலை முழுக்க அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு. அதனால் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. என்ற தரச்சான்று நிறுவனங்கள் தரம் பார்த்து உறையிட்ட நாணயமாகவே வாங்குங்கள். அந்த உறையிலும் போலி வருகிறது, சான்று எண்ணை அவர்களின் தளத்தில் சரிபாருங்கள்.

1794-இல் பிலடெல்பியாவில் அச்சான முதல் வெள்ளி டாலர்கள் 1,758. அவற்றில் ஒன்று 2013 ஏலத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் போனது. இந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பலர் இறங்குகிறார்கள். அது அபூர்வமான நிலையில் தப்பிய நாணயம், அதை வைத்து உங்கள் நாணயத்துக்குக் கணக்குப் போட முடியாது.

நாணயம் வட்டி தராது. டீலர் விற்கும் விலைக்கும் திரும்ப எடுக்கும் விலைக்கும் நடுவே நல்ல இடைவெளி உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றாலும் லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரை போகலாம், பங்குகளுக்கு உச்சம் 20. படிப்புப் பணம் 529 என்ற கல்விச் சேமிப்புத் திட்டத்தில் இருக்கட்டும், கல்லூரிச் செலவுக்கு எடுத்தால் வளர்ச்சிக்கு மத்திய வரி இல்லை.

சரி, ஆசையை விட வேண்டாம். மாதச் செலவில் மிச்சமாகும் பணத்தில், 1807 முதல் 1836 வரை வந்த தொப்பி அணிந்த சுதந்திர தேவியின் அரை டாலரில் தொடங்குங்கள். வங்கிகள் இருப்பாக வைத்திருந்ததால் நல்ல நிலையில் நிறையவே தப்பியிருக்கின்றன. விளிம்பில் எழுத்து ஓடும், அழகான நாணயம்! இன்னும் பழைய டாலர்களில் அரத்தால் அராவிய மெல்லிய கோடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், எடை கூடிய வெற்று வெள்ளித் தகட்டை நாணயச்சாலையிலேயே அராவிக் குறைத்திருப்பார்கள். வாங்கியதைத் துடைக்காதீர்கள், பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். வீட்டுக் காப்பீடு நாணயங்களுக்கு எவ்வளவு தரும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் மிகச் சிறிய தொகைதான்.