புகையில் மயங்கித் தேறியவர் மூன்று வாரம் கழித்து ஏன் மாறிப்போனார்?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து ஓட்டியதில் இரவு புகையில் மயங்கிவிட்டார். மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்தார்கள். 4 நாளில் நன்றாகப் பேசி, நடந்து வீட்டுக்கு வந்தார். மூன்று வாரம் கழித்து ஆளே மாறிவிட்டார். கூப்பிட்டால் பதில் இல்லை, காலைத் தேய்த்து நடக்கிறார், உடையிலேயே சிறுநீர் போகிறது. மனச்சோர்வு என்கிறார்கள். அப்படித்தானா?

பதில்: மனச்சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். நன்றாகத் தேறி, சில வாரம் கழித்துச் சரிவது, ஆக்சிஜன் குறைவால் மூளையின் வெண்பொருள் என்ற இணைப்புப் பகுதி தாமதமாகக் கெடும்போது நடப்பது. நடுவில் நன்றாக இருந்ததாலேயே பலர் அந்தப் புகையை மறந்துவிடுகிறார்கள்.

ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மூச்சு ஓடும், ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் போகாது. மூளையின் ஆழத்தில் உள்ள வெண்பொருளுக்கு நீண்டு மெலிந்த ரத்தக்குழாய்கள்தான் போகின்றன. மாற்று வழி குறைவு. அதனால் அடி அங்கே பலமாக விழுகிறது.

வெண்பொருள் என்பது மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையையும் மயலின் என்ற கொழுப்புறை சுற்றியிருக்கும். அந்த உறையை நெய்து பராமரிக்கும் செல் ஒன்றே பல இழைகளைக் கவனித்துக்கொள்ளும். ஆக்சிஜன் நின்றால் செல்லுக்குச் சக்தி இல்லை. சோடியத்தை வெளியேற்றும் பம்புகள் ஓய்ந்துபோகும், சோடியம் தேங்கும், பின்னாலேயே கால்சியம் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும். செல் அடிபட்ட அன்றே உறை உதிர்ந்துவிடாது. பழைய உறை இருக்கும்வரை செய்தி ஓடும். அது சிதையத் தொடங்கும்போதுதான் வெளியே தெரியும். சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்பா நிற்பார். அவருக்கு மனமில்லாமல் இல்லை, செய்தி போய்ச் சேரவில்லை. தயவுசெய்து அவரை அதட்டாதீர்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? நரம்பியல் மருத்துவரிடம் இன்றோ நாளையோ காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் இருபுறமும் வெண்பொருள் மாறியிருப்பது தெரியும். மயங்கி விழுந்தபோது தலையில் அடிபட்டு ரத்தம் கட்டியிருந்தாலும் இதேபோல் வரலாம். அது அறுவை சிகிச்சையில் சரியாகக்கூடியது என்பதால் தள்ளிப்போடவே கூடாது. வலிப்பு, காய்ச்சல், எழுப்ப முடியாத தூக்கம் இருந்தால் உடனே அவசரப் பிரிவு.

இந்தத் தாமதப் பாதிப்பை நிறுத்தும் மருந்து என்று உறுதியாக எதுவும் இல்லை. ஆனால் உறையை மூளை மெல்லத் திரும்ப நெய்யும். பலர் சில மாதங்களில், சிலர் ஓராண்டில் நன்றாகத் தேறுகிறார்கள். சிலருக்கு மறதியோ நடைத் தடுமாற்றமோ தங்கிவிடும். அதுவரை படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவையுங்கள், உடற்பயிற்சி சிகிச்சையை விடாதீர்கள். தண்ணீர் குடிக்கும்போது இருமினால், விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம்.

போகும்போது அந்தப் புகைச் சம்பவம் நடந்த தேதியை ஒரு தாளில் எழுதி, பழைய டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு மருத்துவர் கையில் கொடுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.