தாயி யாரை உட்கார வைப்பார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சர்வதேச கால்பந்து கோல் சாதனைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஈரானின் அலி தாயியைப் பற்றி ரொம்பவே உருகியிருந்தீர்கள். 109 கோல் சரி, ஆனால் அதில் லாவோஸ், லெபனான் மாதிரி அணிகளுக்கு எதிராக அடித்தது எவ்வளவு? உலகக் கோப்பையில் ஒன்றுகூட இல்லையே. பயிற்சியாளராகப் போயும் ஈரானை 2010 உலகக் கோப்பைக்குக் கொண்டுபோக முடியவில்லை, ஒரே வருடத்தில் வேலை போனது. பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டார்கள் என்பதற்கு இவரையும் ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, அவர் ஆடிய எந்த ஆட்டத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எதைப் பார்க்கட்டும்?

ச.

அன்புள்ள ச.,

லாவோஸ் விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். 2004 நவம்பரில் ஈரான் லாவோஸை 7-0 என்று அடித்தது, அதில் நாலு தாயியுடையது, நூறாவது கோலே அந்த நாலில் ஒன்றுதான். நூறாவது கோல் இன்னும் கௌரவமான இடத்தில் வந்திருக்கலாம் என்று அவருடைய ரசிகர்களுக்கே தோன்றியிருக்கும். ஆனால் ஆசியத் தகுதிச்சுற்றில் யாரோடு ஆடுவது என்பதை தாயி முடிவு செய்யவில்லை. எதிரே வந்தவர்களை அடித்தார். எதிரே இங்கிலாந்தின் பெரிய கிளப் செல்சி வந்தபோதும் அடித்தார். 1999 செப்டம்பரில் ஜெர்மன் கிளப் ஹெர்தா பெர்லினுக்காக, ஐரோப்பாவின் முன்னணி கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் செல்சிக்கு எதிராக இரண்டு கோல், அடுத்த வாரமே மிலானில் போய் ஏசி மிலானுக்கு எதிராக ஒன்று. அந்த வாரத்தில் அவருக்கு வயது முப்பது. ஈரான் அணிக்கே இருபத்து நாலு வயதில்தான் வந்து சேர்ந்தவர். அர்தபீல் ஊர்க்காரர், தெஹ்ரானில் ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உலோகப் பொறியியல் படித்தவர். அங்கே இடம் கிடைப்பது நம் ஊரில் ஐஐடியில் இடம் கிடைப்பது மாதிரி. படித்துக்கொண்டே டாக்சிக்காரர்கள் அணி, வங்கி அணி என்று ஆடி மேலே வந்தார்.

(இன்னொரு சின்ன விஷயம். 2021 செப்டம்பரில் ரொனால்டோ அயர்லாந்துக்கு எதிராக அடித்துத் தாயியைத் தாண்டியபோது உலகமே சொன்ன எண் 109. இப்போது ஒன்றைக் கழித்து 108 என்று எழுதுகிறார்கள். அப்புறம் மெஸ்ஸியும் தாண்டிவிட்டார். இன்று தாயி மூன்றாவது.)

உங்கள் முக்கியமான கேள்வி பயிற்சியாளர் தாயியைப் பற்றியது. "பெரிய ஆட்டக்காரர் நல்ல பயிற்சியாளர் ஆகமாட்டார்" என்ற வாய்ப்பாடு எனக்குப் பிடிப்பதில்லை, அதில் யாரை வேண்டுமானாலும் போட்டு அடைக்கலாம். தாயி விஷயத்தில் எனக்குத் தோன்றுவது வேறு. ஒருவரை எப்போது பெஞ்சில் உட்கார வைப்பது என்பதுதான் அவர் வாழ்க்கை முழுக்கத் துரத்திய கேள்வி. முதலில் மற்றவர்கள் அவரை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள், பிறகு அவரே மாட்டிக்கொண்டார்.

பயர்ன் மியூனிக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1998இல் பீலஃபெல்ட் என்ற இன்னொரு ஜெர்மன் கிளப்பிலிருந்து பயர்ன் அவரை வாங்கியது. ஜெர்மன் லீக் பட்டம் கிடைத்தது, ஆனால் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1999 மே 26, பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பயர்ன் 1-0 என்று முன்னிலையில் இருந்து, காயத்துக்காகக் கொடுக்கும் அந்தக் கூடுதல் நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் இரண்டு கோல் வாங்கித் தோற்றதே, அந்த ஆட்டம். தாயி அன்று பயர்ன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தபடியே அத்தனையையும் பார்த்தார். அந்தப் பருவம் முடிந்ததும் ஹெர்தாவுக்குப் போய்விட்டார். மேலே சொன்ன செல்சி, மிலான் கோல்களெல்லாம் அதற்கு நாலே மாதத்துக்குப் பிறகு வந்தவை.

ஈரானில் நிலைமை நேர் தலைகீழ். அங்கே அவரை யாராலும் உட்கார வைக்க முடியவில்லை. 2006 உலகக் கோப்பையில் கேப்டன், வயது 37. மெக்சிகோவுக்கு எதிராக முழு ஆட்டமும் ஆடினார், ஈரான் 1-3 என்று தோற்றது. பந்து அவரிடம் வந்து சேர்வதற்குள் ஆட்டம் வேறு பக்கம் போய்விடும், நான் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோதே சங்கடமாக இருந்தது. ஈரானியர்கள் கோபப்பட்டார்கள், இளம் ஆட்டக்காரர்கள் வெளியே காத்திருக்க இவர் ஏன் உள்ளே என்று. பயிற்சியாளர் பிராங்கோ இவான்கோவிச் குரோஷியாக்காரர், ஊருக்குப் புதியவரும் இல்லை. கேப்டனை வெளியே வைத்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். போர்ச்சுகல் ஆட்டத்தில் தாயி இல்லை. அங்கோலா ஆட்டத்தில் மறுபடி முதல் பதினொருவரில் வந்துவிட்டார். உலகக் கோப்பையில் கோல் இல்லையே என்கிறீர்கள், சரிதான், 1998இல் மூன்று, 2006இல் இரண்டு, ஆக ஐந்து ஆட்டத்தில் பூஜ்யம். அதில் எனக்கும் வருத்தம்தான்.

அதற்குப் பிறகுதான் கதை சுவாரசியமாகிறது. அவர் ஆடிக்கொண்டிருந்த சைபா அணியில் ஜெர்மன் பயிற்சியாளர் வெர்னர் லோரான்ட் 2006லேயே போய்விட, தாயியைப் பயிற்சியாளராகவும் ஆக்கிவிட்டார்கள். ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டும் அவரே. யோசித்துப் பாருங்கள், போன கோடையில் ஒரு நாடே "இவரை எடுங்கள்" என்று கத்தியது, இப்போது அணிப்பட்டியலை எழுதும் பேனா அவர் கையிலேயே இருக்கிறது. சைபா ஒரு கார் கம்பெனி அணி. பெர்செபோலிஸ், எஸ்தெக்லால் மாதிரி லட்சக்கணக்கில் ரசிகர்கள் கிடையாது. அந்த அணி அந்த வருடம் ஈரான் லீக்கை வென்றது. 2007 மே 28, மெஸ் கெர்மானுக்கு எதிரான கடைசி ஆட்டம் முடிந்ததும் தாயி பூட்ஸைக் கழற்றினார். ஒரே நாளில் சாம்பியனும் ஆகி ஓய்வும் பெறுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதை உங்கள் கடிதம் ஒரு வரியில்கூடத் தொடவில்லை, அதனால்தான் கொஞ்சம் நீட்டினேன்.

தேசிய அணி வேலை அவருக்குக் கிடைத்த விதமே கோணல். ஈரான் கால்பந்துக் கூட்டமைப்பு முதலில் ஸ்பெயின் பயிற்சியாளர் ஹாவியர் கிளெமென்டேயோடு பேசியது. அவர் ஈரானில் குடியிருக்க முடியாது என்றதும் பேச்சு முறிந்தது. அடுத்து பெர்செபோலிஸ் பயிற்சியாளர் அஃப்ஷின் கொத்பிக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, 2008 மார்ச்சில் தாயி பெயரை அறிவித்தார்கள். பயிற்சியாளராக ஒன்றரை வருட அனுபவம், வயது 38. தன்னோடு நேற்றுவரை ஆடியவர்களில் யாரை எடுப்பது, யாரை உட்கார வைப்பது என்று இப்போது இவர் சொல்ல வேண்டும். இவான்கோவிச் நின்ற அதே இடம்.

2010 தகுதிச்சுற்றின் கடைசிக் கட்டத்தில் அவர் கையில் ஐந்து ஆட்டங்கள். ரியாத்தில் சவுதியோடு 1-1, வடகொரியாவை 2-1 என்று வென்றது, அமீரகத்தோடு 1-1, தென்கொரியாவோடு 1-1. பிறகு 2009 மார்ச் 28, தெஹ்ரானின் அசாதி மைதானத்தில் மறுபடி சவுதி. அதிபர் அகமதிநெஜாத் பார்க்க வந்திருந்தார். ஈரான் முதலில் கோல் போட்டது, கடைசியில் 1-2 என்று தோற்றது. தாயியின் வேலையும் உடனே போயிற்று. அவர் இடத்துக்கு வந்த மாயேலி கோஹன் இரண்டு வாரம்கூடச் சரியாகத் தாங்கவில்லை, கடைசியில் கொத்பிதான் வந்தார்.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். அந்தக் கட்டம் முழுவதிலும் எட்டு ஆட்டத்தில் ஈரான் தோற்றது அந்த ஒன்றே ஒன்றுதான். இரண்டு வெற்றி, ஐந்து டிரா, 11 புள்ளி. சவுதிக்கும் வடகொரியாவுக்கும் ஆளுக்கு 12. கொத்பி வந்த பிறகு தோல்வியே இல்லை, அப்படியும் நாலாவது இடம். தெஹ்ரானில் சவுதியோடு டிரா செய்திருந்தாலே ஈரானுக்கு 12, சவுதிக்கு 10, குறைந்தது மூன்றாவது இடத்துக்குக் கொடுக்கும் கூடுதல் வாய்ப்பான பிளே-ஆஃபாவது கிடைத்திருக்கும். சியோலில் கடைசி ஆட்டத்திலும் 1-0 என்று முன்னால் இருந்து, பார்க் ஜி-சுங் கடைசிப் பத்து நிமிடத்தில் அடித்து சமன் செய்தார். ஆகவே பழி முழுவதையும் தாயி தலையில் போட மாட்டேன். தாயிக்குப் பங்கில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஐந்து ஆட்டத்தில் ஒரே வெற்றி, மூன்று டிரா என்பது போதாத கணக்கு, முன்னிலையைக் கட்டிக்காக்க முடியாததும் தெஹ்ரானில் சவுதி ஆட்டத்தில் நன்றாகவே தெரிந்தது.

பிறகு பத்து வருடம் கிளப்புகளில் சுற்றினார். பெர்செபோலிஸோடு 2010, 2011 என்று அடுத்தடுத்து ஹஸ்ஃபி கோப்பை, அதாவது அங்கே நாக்-அவுட் கோப்பை. இரண்டாவதை வென்ற கையோடு கிளப் தலைவருடன் ஒத்துப்போகாமல் வெளியேறினார். ராஹ் ஆஹன் போனார், 2013இல் மறுபடி பெர்செபோலிஸ் வந்து அணியை லீக்கில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார், அடுத்த பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளில் அங்கிருந்தும் போனார். எனக்கு அவருடைய கோப்பைகளில் ரொம்பப் பிடித்தது 2017இல் நஃப்த் தெஹ்ரானோடு வென்றது. கிளப் பணக் கஷ்டத்தில் திணறிக்கொண்டிருந்த நேரம், அந்த அணியை வைத்து இறுதி ஆட்டத்தில் டிராக்டர் அணியை 1-0 என்று தோற்கடித்தார். ஆக மொத்தம் ஒரு லீக், மூன்று கோப்பை. கையில் பெரிதாக ஒன்றும் இல்லாத அணியாக இருந்தால், முதலாளிகள் தொந்தரவு கொஞ்சம் குறைவாக இருந்தால், நன்றாகவே செய்வார். எல்லோரும் அதிகாரம் செலுத்தும் பெரிய இடமாக இருந்தால் மோதுவார். கேப்டனாக இருந்தபோது யாருக்கும் நகராத ஆள், பயிற்சியாளரான பிறகு மட்டும் எப்படி நகர்வார்? அவருடைய பலமும் அந்தப் பிடிவாதம்தான், வேலை போனதும் அதனால்தான் என்பது என் கணிப்பு.

2019இல் சைபாவை விட்ட பிறகு அவர் எந்த அணிக்கும் பயிற்சி கொடுக்கவில்லை. அதற்குப் பந்துக்கு வெளியே உள்ள காரணங்களையும் பார்க்க வேண்டும். 2017 கெர்மன்ஷா நிலநடுக்கத்தின்போது மக்கள் அவரை நம்பிப் பணம் கொடுத்தார்கள், அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2022இல் மாசா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்து போராட்டம் வெடித்தபோது வெளிப்படையாக மக்கள் பக்கம் பேசினார். பாஸ்போர்ட்டைக் கொஞ்ச நாள் பிடுங்கி வைத்தார்கள். கத்தார் உலகக் கோப்பைக்கு வந்த அழைப்பை, வீட்டில் உங்களோடு இருக்கிறேன் என்று சொல்லி மறுத்தார். டிசம்பரில் அவருடைய நகைக்கடைக்கும் உணவகத்துக்கும் சீல் வைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் மனைவியும் மகளும் துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த விமானத்தையே கிஷ் தீவில் இறக்கி இருவரையும் கீழே இறங்கச் சொன்னார்கள். இதற்கெல்லாம் பிறகு அங்கே எந்த கிளப் அவருக்கு வேலை கொடுக்கத் துணியும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, எந்த ஆட்டம்? பலரும் 1997 மெல்போர்னைச் சொல்வார்கள். ஆஸ்திரேலியா 2-0, ஒரு பார்வையாளர் உள்ளே ஓடிவந்து கோல் வலையை அறுத்துவிட ஆட்டம் நின்று, மறுபடி தொடங்கி, ஈரான் இரண்டு கோல் போட்டு பிரான்ஸ் உலகக் கோப்பைக்குப் போனது. சக ஆட்டக்காரர் அசீசி அடித்த அந்த இரண்டாவது கோலுக்கு, தடுப்பாட்டக்காரர்களைப் பிளந்து பந்தைக் கொடுத்தது தாயி. தலையால் முட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

நீங்கள் மட்டும் 1996 டிசம்பர் 16, துபாய், ஆசியக் கோப்பை கால் இறுதி, ஈரான்-தென்கொரியா பாருங்கள். இடைவேளையில் கொரியா 2-1. முடிவு ஈரானுக்கு 6-2. 66ஆவது நிமிடத்திலிருந்து ஆட்டம் முடிவதற்குள் தாயி நாலு கோல், கடைசியது பெனால்டி. லாவோஸுக்கும் நாலு, கொரியாவுக்கும் நாலு. முதல் பாதியைத் தாண்டி ஓட்டாமல் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.